ரிசர்வில் நூற்றிருபதாவது நாள்

கம்பெனியில் எல்லோரும் அவளுக்கு வைத்த பேர் கடைக்குட்டி. வீட்டில் பார்த்தால் அவள்தான் மூத்தவள். அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள், இரண்டு பேரும் அவளைக் கேட்காமல் ஒரு செருப்புகூட வாங்க மாட்டார்கள். ஆனால் விமானக் கம்பெனியில் வீட்டு மரியாதை எடுபடுமா? அங்கே சீனியாரிட்டி பட்டியல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நூற்று நாற்பத்து மூன்று பைலட்டுகள், நூற்று நாற்பத்து மூன்று நம்பர்கள். இவள் நூற்று நாற்பத்து மூன்று. ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயசில் மூத்தவருக்கு முந்தின நம்பர் என்பது அங்கே வழக்கம். இவளோடு சேர்ந்த இன்னொருத்தி, ஐந்து மாசம் முன்னால் பிறந்த ஒரே காரணத்துக்காக நூற்று நாற்பத்திரண்டு ஆகி, அன்றிலிருந்து மூத்தவள் என்று பட்டம் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஏர்போர்ட்டிலிருந்து இருபத்தைந்து நிமிஷத் தூரத்தில், மூன்றாவது மாடியில், ஒரே அறையில் குடியிருந்தார்கள்.

பட்டியலின் அடியில் கிடப்பவர்களுக்குச் சொந்தமாக ஒரு பயணம் கிடையாது. மேலே இருக்கிறவர்கள் எந்த நாள் எந்த ஊர் என்று பொறுக்கி எடுத்துக்கொண்டு போன பிறகு மிச்சம் இருப்பதுதான் ரிசர்வ். காலை ஐந்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கேயோ ஒரு பைலட்டுக்கு உடம்பு சரியில்லை, எங்கேயோ ஒருவருக்கு வரும் வழியில் கார் நின்றுவிட்டது என்றால் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட தொண்ணூறாவது நிமிஷம் சீருடையோடு ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். கேட்பதற்கு என்னவோ சுகமான வேலை மாதிரித்தான் இருக்கிறது. நாலு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

தலைக்குக் குளிக்க முடியாது, ஈரத்தலையோடு யார் தொப்பி வைப்பது? துணியை மெஷினில் போட்டால் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். குளியலறைக்குள் போன் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஏறி சோப்புப் பலகையில் உட்கார்ந்திருக்கும். கடைக்குப் போனால் வரிசை நீளமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவாள். சீருடை இஸ்திரி போட்டபடி கதவுக்குப் பின்னால் தொங்கும். பெட்டி கட்டியபடி கட்டிலுக்கடியில் இருக்கும். கம்பெனி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி போனும் ஒரே மணியும் கொடுத்துத் தொலைத்ததால், எது அடித்தாலும் இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். மூத்தவள் தன் போன் முதுகில் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள்.

அம்மாவுக்கு இந்த ரிசர்வ் சமாசாரம் பிடிபடவே இல்லை. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் மாதிரி ஏதோ ஒன்று, இன்னும் சீட்டு உறுதியாகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் கேட்டால், "அவளுக்கு இன்னும் கன்ஃபர்ம் ஆகலை" என்றே சொல்லி வந்தாள். வேலை நேரத்தில் இந்த நம்பருக்குக் கூப்பிடாதே, யாருக்கு எந்தப் பயணம் என்று பங்கு போடுகிற ரோஸ்டர் அறையிலிருந்து கூப்பிட்டால் லைன் கிடைக்காது என்று மகள் படித்துப் படித்துச் சொன்னதன் பலன், அம்மா மூத்தவள் நம்பருக்குக் கூப்பிட ஆரம்பித்தாள். மூத்தவளும் ரிசர்வ்தான் என்பதை அம்மா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"என்னடி, கூப்பிட்டாங்களா?"

"இல்லம்மா."

"சும்மா உட்காரவா இத்தனை வருஷம் படிச்சே?"

"நான் உட்கார்ந்திருக்கறதாலதான்மா மத்தவங்க தைரியமா காய்ச்சல்ல படுக்கறாங்க."

"அப்ப யாருக்காவது காய்ச்சல் வரணும்கற."

உண்மையைச் சொன்னால், கடைசியாகப் பறந்து வந்ததிலிருந்து பதினோரு நாளாக அவள் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். பெரிய வியாதி ஒன்றும் வேண்டாம். யாராவது ஒரு கோ-பைலட்டுக்கு லேசாக ஒரு ஜலதோஷம், இரண்டு நாளில் சரியாகிவிடுகிற மாதிரி. அது போதும். ஆனால் அந்தப் பதினோரு நாளும் நூற்று நாற்பத்தோரு பேரும் பாறை மாதிரி ஆரோக்கியமாக இருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது. ஒரு ரக விமானத்தில் பரீட்சை தேறிய நாளிலிருந்து நூற்றிருபது நாளுக்குள் நூறு மணி நேரம் பறந்து முடித்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. கை பழகட்டும் என்று வைத்த நல்ல விதிதான். முடிக்காவிட்டால் மறுபடியும் சிமுலேட்டர் பரீட்சை, அதாவது விமானி அறை மாதிரியே செய்து வைத்த பெட்டிக்குள் உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். அதே கம்பெனிதான் புதுசாக வந்தவர்களைப் பறக்க விடாமல் ரிசர்வில் உட்கார்த்தி வைக்கிறது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பது மாதிரி இருக்கிறதே என்று இவள் ஒருமுறை மூத்தவளிடம் புலம்பினாள். மூத்தவள் நூற்று நாலு மணி நேரம் முடித்துவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருந்தவள், "எழுதிக் குடு, புகார்ப் பெட்டியில போடறேன்" என்றாள்.

மற்றவர்களுக்குச் சிமுலேட்டர் என்றால் ஒரு நாள் தொல்லை. இவளுக்கு அப்படியில்லை. முதல் தடவை அந்தப் பரீட்சையில் இவள் தேறவில்லை. ஒரு இன்ஜின் நின்றுபோன மாதிரி வைத்து, மீதி ஒன்றோடு தரையிறங்கச் சொன்னார்கள். பக்கவாட்டில் இழுக்கிற விமானத்தைக் காலால் மிதித்து நேர்ப்படுத்த வேண்டும். இவள் கால் ஒரு விநாடி தாமதமாக மிதித்தது. இரண்டாவது தடவை போய்த் தேறினாள், நன்றாகவே தேறினாள். ஆனால் முதல் வருஷத்தில் இரண்டு தடவை தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒன்று ஏற்கெனவே ஆகிவிட்டது. இன்னொன்று ஆனால் வேலை போய்விடும்.

தன்மேல் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. கையில் விமானம் வந்தால் ஓட்டுவாள், அதில் பயமே இல்லை. அந்தப் பெட்டிக்குள் போய் இன்னொரு தடவை நிரூபிக்க வேண்டியிருக்குமோ என்பதுதான் எரிச்சல். இதுவரை பறந்தது தொண்ணூற்றாறு மணி நாற்பத்தோரு நிமிஷம். இன்னும் வேண்டியது மூன்று மணி பத்தொன்பது நிமிஷம். கையில் இருந்தது ஒரே நாள். நூற்றிருபதாவது நாள்.

அன்றைக்குக் காலை எட்டு மணி ஐந்து நிமிஷத்துக்குப் போன் அடித்தது. இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். மூத்தவள் தன் போனின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன்னதுடி" என்றாள்.

ரோஸ்டர் அறையில் இருப்பவரை எல்லோரும் ரோஸ்டர் அண்ணன் என்பார்கள். வார்த்தையைச் செலவு பண்ணாத மனுஷன். "ஃபிட்டா?" என்றார். உடம்பு சரியாக இருக்கிறதா, தூங்கினாயா, மாத்திரை எதுவும் போட்டிருக்கிறாயா என்கிற மூன்று கேள்வியும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம்.

"ஃபிட்ணா."

"போயிட்டு வர்ற பயணம் ஒண்ணு. ஒன்பது முப்பத்தஞ்சுக்கு ஆஜர். போக ஒண்ணு நாப்பது, வர ஒண்ணு நாப்பது. எழுதிக்கிட்டியா?"

எழுதவில்லை. மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மணி இருபது நிமிஷம். வேண்டியதற்கு ஒரு நிமிஷம் கூடுதல். "வர்றேண்ணா" என்றாள்.

"கேப்டன் யாருன்னு கேக்கலையே."

"யாருண்ணா?"

"எக்ஸ்பிரஸ்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் என்பது அந்தக் கேப்டனுக்கு ஊர் வைத்த பேர். நாற்பத்தைந்து வயசு, சுறுசுறுப்பு, எந்த விமானத்தையும் நேரத்துக்கு முன்னால் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கும் ஆள். கம்பெனியில் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டுகிற கேப்டன்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களோடு போனால் ஒன்று நாற்பது என்பது ஒன்று ஐம்பது ஆகும். அவர்களில் ஒருத்தர் வரக் கூடாதா?

மூத்தவள் அதற்குள் இவள் ஷூவைத் துடைத்து வாசலில் வைத்திருந்தாள். "அவர்கிட்ட சொல்லிடு. நூறு மணி முடிக்கணும், கொஞ்சம் மெதுவா போலாம்னு."

"எப்படிடி சொல்றது? என் கணக்குக்காக எல்லாரையும் மெதுவா கூட்டிட்டுப் போங்கன்னா?"

"ஆமா, அப்படியேதான்."

"நாக்கு எழாதுடி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

எக்ஸ்பிரஸ் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தார். வானிலைத் தாளை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் காபி குடித்துக்கொண்டிருந்தார். "வாம்மா. வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. போகும்போது நீ ஓட்டு, வரும்போது நான் ஓட்டறேன்" என்றார். இறக்கையில் இரண்டு விசிறி வைத்த எழுபது சீட்டு விமானம் அது. பறக்கும் நேரத்தை அங்கே எப்படிக் கணக்கிடுவார்கள் என்றால், கிளம்புவதற்குப் பிரேக்கை எடுத்த நிமிஷத்திலிருந்து, போய் நின்று பிரேக் போட்ட நிமிஷம் வரை. அந்த ரகத்தில் எந்த மெஷினும் அதைத் தானாகக் குறிக்காது. கோ-பைலட் லாக் புத்தகத்தில் கையால் எழுதுவார், கேப்டன் கையெழுத்துப் போடுவார்.

பத்து இருபதுக்குப் பிரேக்கை எடுத்தார்கள். விமானம் மேலே ஏறியதும் பதினோரு நாள் உட்கார்ந்த அலுப்பெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கையும் காலும் தன் வீட்டுக்கு வந்த மாதிரி தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. போய்ச் சேர்ந்த ஊரில் இறங்கும்போது காற்று குறுக்கே அடித்தது. அவள் எவ்வளவு மிதிக்க வேண்டுமோ அவ்வளவு மிதித்து, கோட்டின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். எக்ஸ்பிரஸ், "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. பன்னிரண்டு ஒன்றுக்குப் பிரேக். ஒரு மணி நாற்பத்தோரு நிமிஷம்.

ஒரு நிமிஷம் லாபம். இனி ஒன்று முப்பத்தெட்டு பறந்தால் போதும். திரும்பும் பயணம் ஒன்று நாற்பது. அவளுக்குச் சந்தோஷத்தில் பசிகூட எடுக்கவில்லை.

பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு மறுபடி கிளம்பினார்கள். இப்போது ஓட்டுவது கேப்டன், ரேடியோவில் பேசுவது இவள். பாதி வழியில் எக்ஸ்பிரஸ், "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன், பார்த்துக்க" என்று எழுந்து கழிவறைக்குப் போனார். விமானி அறையில் ஒருத்தரைத் தனியாக விடக் கூடாது என்பதால் பயணிகளைக் கவனிக்கிற அக்கா உள்ளே வந்து மடிப்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வழி நேராகப் போகிற வழியல்ல. நடுவில் ராணுவம் பயிற்சி செய்கிற வானம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல் முழங்கை மாதிரி வளைந்து போக வேண்டும். தினமும் எல்லா விமானமும் அப்படித்தான் போகும். அன்றைக்கு ராணுவத்துக்கு என்ன விடுமுறையோ, கேப்டன் எழுந்து போன அரை நிமிஷத்தில், தரையிலிருந்து வழி சொல்கிற கண்ட்ரோலர் ரேடியோவில் கூப்பிட்டார்.

"இன்னிக்கு நடுவுல காலியா இருக்கு. நேரா போறீங்களா?"

அவள் விரல் தன் பாட்டுக்குக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தது. ஆறு நிமிஷம் மிச்சம் என்று காட்டியது. மிச்சம் யாருக்கு? விமானத்துக்கு, பின்னால் இருக்கிற அறுபத்தெட்டு பேருக்கு, கேப்டன் வீட்டுச் சோற்றுக்கு. இவளுக்கு நஷ்டம். ஒன்று நாற்பதில் ஆறு போனால் ஒன்று முப்பத்துநாலு. மொத்தம் தொண்ணூற்றொன்பது மணி ஐம்பத்தாறு நிமிஷம். நூறுக்கு நாலு நிமிஷம் குறைவு.

முடியாது என்று சொல்லலாம். காரணம் கேட்டால் எதிரே மேகம் என்று சொல்ல வேண்டும். எதிரே ஒரு துணுக்கு மேகம் இல்லை, அது பச்சைப் பொய். இன்னொரு வழியும் இருந்தது, அதுதான் அவளை நிஜமாகவே இழுத்தது. 'கொஞ்சம் பொறுங்க' என்று சொன்னால் போதும். கேப்டன் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தால், அவர் வருவதற்குள் வளைவில் பாதி தாண்டியிருக்கும், மிச்சம் ஆறு நிமிஷம் ஒரு நிமிஷமாகத் தேய்ந்திருக்கும். அதில் பொய்கூட இல்லை. யாரும் எதுவும் கேட்க முடியாது. காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும்.

ஆனால் பாதை மாற்றத்துக்குக் கேப்டனைக் கேட்க வேண்டியதில்லை, அவளே எடுக்கலாம். அது அவளுக்குத் தெரியும். இதே கேள்வியை மூன்று மாசம் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் சரி என்றிருப்பாள், அதுவும் தெரியும். பெரிய வசனம் ஒன்றும் மனசில் ஓடவில்லை. வழி இருக்கிறது, கேட்கிறார்கள், விமானம் போகும். அவ்வளவுதான் தோன்றியது. பட்டனை அழுத்தி, "நேரா போறோம், நன்றி" என்றாள்.

விமானத்தின் மூக்கு மெல்லத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. ராணுவத்தின் மேல், கண்ட்ரோலர் மேல், கழிவறைக்குப் போன கேப்டன் மேல், இத்தனை நாள் தும்மாமல் இருந்த நூற்று நாற்பத்தோரு பேர் மேல். அழுகை வருகிற மாதிரி இருந்தது. வரவிடவில்லை.

"என்ன கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. ஆறு நிமிஷம் முன்னாடியே போயிடுவோம்."

"நல்லதுதானே."

"நல்லதுதான்."

எக்ஸ்பிரஸ் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நேரா விட்டுட்டானா? சபாஷ், நான் எழுந்து போனாத்தான் நல்லது நடக்குது" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். அதற்கப்புறம் எல்லாமே அவர் பக்கம்தான். ரன்வே காலி, சுற்றாமல் நேரே இறங்கச் சொன்னார்கள். தரையில் விமானத்தைத் திருப்புகிற பிடி கேப்டன் பக்கம் மட்டும்தான் இருக்கிறது, எக்ஸ்பிரஸ் அதைப் பிடித்துக்கொண்டு வேகம் குறையாமல் உருட்டினார். எப்போதும் வேறு விமானம் நின்றுகொண்டு பத்து நிமிஷம் காக்க வைக்கிற நிறுத்துமிடம், அன்றைக்கு இவர்களுக்காகவே காலியாக இருந்தது. இரண்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குப் பிரேக் போட்டார்.

பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வானிலைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் கூட்டிப் பார்த்தாள். தெரிந்த விடைதான், இருந்தாலும் இரண்டு தடவை கூட்டினாள்.

"அது என்ன கணக்கு?" என்றார் எக்ஸ்பிரஸ்.

"ஒண்ணுமில்ல கேப்டன்."

அவர் எட்டிப் பார்த்தார். பழைய ஆள், பார்த்ததுமே புரிந்துவிட்டது. "நூறு மணியா? கடைசி நாள் என்னிக்கு?"

"இன்னிக்கு."

"எவ்வளவு குறையுது?"

"நாலு நிமிஷம்."

அவர் வெடித்தார். "அறிவிருக்கா உனக்கு? காலையில வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாலு நிமிஷம், இந்த ஏர்போர்ட்டை ஒரு சுத்து சுத்தி உருட்டிட்டு வந்திருப்பேனே. தெரிஞ்சேதான் நேரா போறேன்னு சொன்னியா?"

"தெரிஞ்சேதான் கேப்டன்."

"ஏன்?"

"போக வழி இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல வாய் வரலை."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்து, சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து லாக் புத்தகத்தின் மேல் வைத்தார். "சரி, இன்னும் எழுதலை இல்ல? ரெண்டு பதினாறுன்னு எழுது. நான் பிரேக் போடத் தாமதமாச்சுன்னு வச்சுக்க. நாலு நிமிஷத்துல எவன் குடி முழுகிடும்? எழுது, கையெழுத்துப் போடறேன்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, அது அவளுக்குப் புரிந்தது. ஒரு நல்ல மனுஷன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளுக்கு ஒரு வழி பண்ணிக்கொடுக்கிறார். ரெண்டு பதினாறு என்று எழுதினால் மொத்தம் சரியாக நூறு மணி. சிமுலேட்டர் இல்லை, பரீட்சை இல்லை, வேலை போகுமோ என்கிற கேள்வி இல்லை. நாளை காலை மூத்தவள் மாதிரி கால் நீட்டிப் படுக்கலாம். கை நிஜமாகவே அந்தப் பேனாவை எடுத்தது.

எடுத்து, இரண்டு பன்னிரண்டு என்று எழுதினாள்.

எக்ஸ்பிரஸ் அதைப் பார்த்தார். முதல் தடவை அவள் தவறியது கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. "சிமுலேட்டர்ல இன்னொரு தடவை தவறினா என்னாகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் கேப்டன்."

"என்னை விட நீ யோக்கியம்னு காட்டறியா?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்படியில்ல கேப்டன்" என்றாள். யோசித்து யோசித்துத்தான் சொன்னாள், ஆனால் குரல் இறங்கவில்லை. "அடுத்த தடவை உங்களோட வரும்போது எரிபொருள் இவ்வளவு இருக்குன்னு ஒரு நம்பர் எழுதிக் குடுப்பேன். அதை நம்பித்தான் நீங்க கிளம்பணும். எனக்கு வேணும்னா நாலை மாத்தி எழுதுவேன்னு உங்க கண்ணாலயே பார்த்துட்டீங்கன்னா, அந்த நம்பரை எப்படி நம்புவீங்க?"

வெளியே படிக்கட்டில் கடைசிப் பயணி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. கேப்டன்கள் யாராக இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னால் எழுதிய நேரத்தைக் கடிகாரத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், எரிபொருள் மீதியைப் பார்ப்பார்கள், இன்ஜின் எண்களைப் பார்ப்பார்கள். பக்கத்தில் இன்னும் ஏழு கட்டத்தில் அவள் எழுதிய எண்கள் இருந்தன. எக்ஸ்பிரஸ் ஒன்றையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார், பேனாவை வாங்கினார், அடியில் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை மூடினார்.

இரண்டு பேரும் இறங்கி நடந்தார்கள். பாதி தூரம் போன பிறகு அவர், "அந்தப் பெட்டியில எங்க கோட்டை விட்ட?" என்றார்.

"ஒரே இன்ஜின்ல இறங்கறப்போ. கால் தாமதமாயிடுச்சு."

"இன்னிக்குக் குறுக்குக் காத்து இருபதுக்கு மேல அடிச்சுது. உன் கால் தாமதமாகலை" என்றார். ஆறுதல் சொல்கிற குரலில்லை, வானிலைத் தாளைப் படிக்கிற குரல்தான். சொல்லிவிட்டு வழக்கம்போல விறுவிறுவென்று முன்னால் போய்விட்டார்.

அவள் கட்டிடச் சுவரோரம் பெட்டியை நிறுத்தி, போனை எடுத்தாள். ரிசர்வில் இருப்பவர்களுக்கு வருகிற போனை எடுத்துத்தான் பழக்கம், அவர்களாக ரோஸ்டர் அறையைக் கூப்பிடுவது கிடையாது. நம்பர் எது என்று ஒரு நிமிஷம் தேட வேண்டியிருந்தது.

"என்னம்மா, நான் கூப்பிடலையே" என்றார் ரோஸ்டர் அண்ணன்.

"நான்தாண்ணா கூப்பிடறேன். எனக்கு நூறு மணி முடியலை. சிமுலேட்டர் பரீட்சைக்கு எப்ப இடம் இருக்கு?"

அவர் பக்கத்தில் எதையோ புரட்டும் சத்தம் கேட்டது. "வியாழக்கிழமை ஒண்ணு இருக்கு. அடுத்த வாரம் ரெண்டு இருக்கு. எல்லாரும் தள்ளிப் போடச் சொல்லித்தான் கேப்பாங்க. உனக்கு அடுத்த வாரமே போடட்டுமா? படிக்க நாள் கிடைக்கும்."

"அதுக்கு முன்னாடி எதுவும் இல்லையாண்ணா?"

"நாளைக்குக் காலையில ஆறு மணி ஒண்ணு காலி, ஒருத்தர் வரலைன்னுட்டார். அது வேணாம்மா." அந்த மனுஷன் அவ்வளவு பேசியே அவள் கேட்டதில்லை. "எவ்வளவும்மா குறையுது?"

"நாலு நிமிஷம்."

"நாலு நிமிஷமா?" அந்த லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும், அது அவருக்கும் தெரியும், ஆனாலும் கேட்டுவிட்டார். "லாக் எழுதறது நீதானேம்மா?"

"நான்தாண்ணா. அதனாலதான்" என்றாள். "நாளைக்கு ஆறு மணிக்கே போட்டுடுங்க."